ஆறு ஏஞ்சல்களைக் கொன்றது யார்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "காதல் கவிதை ஏற்கெனவே பதினேழு வந்தாச்சு, நீயாவது வேற ஏதாவது எழுதுப்பா" என்றார் மலர்க் குழு நண்பர். சரி, மீன் தொட்டி ஹீட்டர் பற்றி எழுதுகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுவும் சூடான விஷயம்தான்" என்று போய்விட்டார்.

என்னடா இது, நம்ம ஊர் வெயிலில் மீனுக்கு ஹீட்டரா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என் வீடு ஓசூரில். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். வீட்டுக்குள்ளே 19, 20 இருக்கும். நமக்கு அது போர்வை போர்த்தித் தூங்கும் சுகம். ஆனால் தென் அமெரிக்க ஆற்றிலிருந்து வந்த பரம்பரையான ஏஞ்சல் மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும்.

போன டிசம்பரில் என் தங்கை ஆறு ஏஞ்சல் குட்டிகள் வாங்கினாள். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணம். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி. கல், மண் போக சுமார் 50 லிட்டர் தண்ணீர். "அண்ணா, நீ எலக்ட்ரிக்கல்தானே படிக்கிற, நல்ல ஹீட்டரா பாத்து வாங்கிட்டு வா" என்றாள்.

கடைக்குப் போனேன். 50 வாட், 100 வாட், 300 வாட் என்று வரிசையாக இருந்தன. "பெருசாவே எடுத்துக்கோ தம்பி, சீக்கிரம் சூடாகும், அதான் ஆட்டோமேட்டிக்கா கட் ஆயிடுதே" என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகப் பட்டது. வாட் அதிகமென்றால் தரமும் அதிகம் என்று நினைக்கும் புத்தி நம் எல்லோருக்கும் உண்டே! 300 வாட் வாங்கி மாட்டினேன்.

பத்து நாள் பிரமாதமாக ஓடியது. பதினோராம் நாள் காலை தங்கையின் அலறல் கேட்டு எழுந்தேன். தண்ணீரில் கை வைத்தால் குளிக்கிற வெந்நீர். ஆறு ஏஞ்சல்களும் மிதந்துகொண்டிருந்தன. ஹீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிராமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "மூணு வருஷமா எலக்ட்ரிக்கல் படிக்கிறான்… ஒரு தொட்டித் தண்ணிக்கு எவ்வளவு சூடு வேணும்னு பாக்கத் தெரியல."

அந்த வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தேன். (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்!) கண்ணாடிக் குழாய், உள்ளே பீங்கானில் சுற்றிய நைக்ரோம் கம்பி, சுற்றிலும் மணல், மேலே ஒரு பைமெட்டல் பட்டை. இரண்டு உலோகங்கள் ஒட்டிய பட்டை. சூடானால் ஒன்று அதிகம் நீளும், ஒன்று குறைவாக நீளும், அதனால் பட்டை வளைந்து காண்டாக்டைப் பிரிக்கும். முதலாம் ஆண்டிலேயே படித்தது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் சேரும்போதும் ஒரு சின்னப் பொறி. ஆயிரக்கணக்கான பொறிகளுக்குப் பிறகு, ஒருநாள் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு "ஆட்டோமேட்டிக்" ஏது? 230 வோல்ட்டில் 100 வாட் ஹீட்டர் இழுப்பது 0.43 ஆம்பியர், 300 வாட் இழுப்பது 1.3 ஆம்பியர். அதே சின்ன காண்டாக்டில் மூன்று மடங்கு கரண்ட் போனால் எது முதலில் தேயும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

ஆனால் தெர்மோஸ்டாட் குற்றவாளி என்று கேஸை முடித்துவிட முடியவில்லை. எந்த ஸ்விட்சும் ஒருநாள் கெடும். கெட்டால் என்ன ஆகும் என்று வாங்கும்போதே யோசித்திருக்கவேண்டும். யோசிக்காதது நான்.

இங்கேதான் நாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகும் சூத்திரம் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4.19 கிலோ ஜூல். 50 லிட்டருக்கு 209 கிலோ ஜூல். வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால் 100 வாட் ஹீட்டருக்கு ஒரு டிகிரி உயர்த்த 35 நிமிடம் ஆகும். 300 வாட்டுக்கு 12 நிமிடம் கூட வேண்டாம். நடுராத்திரியில் ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் மீனின் கதை முடிந்துவிடும். அதே கணக்கு 75 வாட்டில் வேறு மாதிரி வரும்.

அப்படியானால் எத்தனை வாட் வேண்டும்? லிட்டருக்கு ஒரு வாட் என்று கடைகளில் சொல்வார்கள். மோசமான கணக்கு இல்லை. ஆனால் உங்கள் அறை எவ்வளவு குளிரும், தொட்டிக்கு மூடி உண்டா, ஜன்னலோரமா, இதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. தண்ணீரையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மீன் இல்லாத தொட்டிதானே, பரிசோதனைக்கு யார் தடை சொல்லப் போகிறார்கள்!

தண்ணீரை 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, மூடியைப் போட்டு, ஹீட்டரை நிறுத்திவிட்டு ஒரு தெர்மாமீட்டரோடு உட்கார்ந்தேன். அறை 19 டிகிரி. 25-க்கு இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. 209 கிலோ ஜூலை 5400 வினாடியால் வகுத்தால் சுமார் 39 வாட். அதாவது அந்த ராத்திரியில் என் தொட்டி இழந்தது 39 வாட், அவ்வளவுதான்! வித்தியாசம் சுமார் 7 டிகிரி என்பதால், டிகிரிக்கு ஐந்தரை வாட். அறை 16-க்கே இறங்கினாலும் 55 வாட் போதும். கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் 75 வாட். நான் மாட்டி வைத்திருந்தது 300.

இந்த 75 வாட் ஒட்டிக்கொண்டால்? 20 டிகிரி அறையில் தண்ணீர் 33, 34 வரைதான் போகும், அதுவும் மெதுவாக. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நாம் பார்த்துப் பிளக்கைப் பிடுங்க நேரம் இருக்கும். இதனால்தான் தேவைக்கு மேல் சற்றே பெரிய ஹீட்டர் போதும், அதற்கு மேல் ஒரு வாட்டும் வேண்டாம் என்கிறேன்.

நாலு அடித் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்னது வாங்குவது நல்லது. ஒன்று ஒட்டிக்கொண்டால் அதனால் மட்டும் தொட்டியைக் கொதிக்க வைக்க முடியாது. ஒன்று செத்தால் மற்றது ராத்திரியை ஓட்டிவிடும்.

இன்னொரு விஷயம். மூடி போடாத தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் சூடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 28 வாட் ஹீட்டர் நாள் முழுக்க எரிந்ததற்குச் சமம். பெரிய ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கண்ணாடி மூடி வாங்குங்கள்.

எல்லோருக்கும் ஹீட்டர் வேண்டுமா? வேண்டாம். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேண்டவே வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வருடத்தில் பெரும்பாலான நாள் அது வெட்டிச் செலவு. கப்பி வளர்ப்பவர்களும் முதலில் ஒரு வாரம் விடியற்காலையில் தண்ணீரின் சூட்டை எழுதிப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம். டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் வேறு ரகம். அந்த மகாராஜாவுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஊட்டி, குன்னூர் நண்பர்கள் மூடியும் போட்டு, ஹீட்டரும் வைத்து, கணக்கும் போடவேண்டும். திடீரென்று தண்ணீர் குளிர்ந்தால் மீன் பலவீனப்பட்டு வெள்ளைப் புள்ளி நோய் வரும்.

இப்போது டிஜிட்டல் ஹீட்டர்கள் வந்துவிட்டன, நம்பர் அழகாக மின்னுகிறது. அதற்குள்ளும் ஒரு ஸ்விட்ச்தான், அதுவும் ஒட்டிக்கொள்ளும். காசு இருந்தால் தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கி, ஹீட்டரை அதன் வழியாக மாட்டலாம். இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். காசு இல்லாவிட்டால் ஒரு சாதா தெர்மாமீட்டர் போதும், தினமும் பார்க்கும் கண் இருந்தால். பெட்டியில் 220 வோல்ட் என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். வீட்டில் 240 வந்தால் 100 வாட் என்பது 119 வாட் ஆகிவிடும். வோல்டேஜின் வர்க்கம், ஞாபகம் இருக்கிறதா?

கடைசியாக, மீனை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றி. கண்ணாடி ஹீட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பின் பிளக்கோடு வருகின்றன. எர்த் கிடையாது. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் வெளியே தெரிய எரிந்து, அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். தொட்டித் தண்ணீர் முழுக்க கரண்ட். ஆனால் மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும், கம்பியில் உட்கார்ந்த குருவி மாதிரி! வெறுங்காலோடு தரையில் நின்று தண்ணீருக்குள் கை விடுகிறவருக்குத்தான் சர்க்யூட் பூர்த்தியாகும். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் என் தங்கை.

அதனால் கை விடுவதற்கு முன் ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிடுங்கிவிடுங்கள், குழாய் ஆறட்டும். ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மேலே ஏறவேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் கீழே சொட்டும், சாக்கெட்டுக்குள் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் ஹீட்டருக்கு முன் அதை வாங்குங்கள். ஹாஸ்டலில் ஜாடியில் ஃபைட்டர் வளர்க்கும் நண்பர்களுக்குத் தனி வேண்டுகோள்: மெஸ்ஸில் காபி போடும் வாட்டர் ஹீட்டரை தயவுசெய்து அந்த ஜாடியில் வைக்காதீர்கள். நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்குத் தங்கைக்கு மறுபடி நாலு ஏஞ்சல் வாங்கிக் கொடுத்தேன். 75 வாட், கண்ணாடி மூடி, தெர்மாமீட்டர். அவள் இன்னும் என்னை நம்பவில்லை. தினமும் காலையில் தானே பார்த்து காலண்டரில் எழுதி வைக்கிறாள். நல்லதுதான்.

தொட்டியின் கணக்கைப் போட விரும்பும் நண்பர்களுக்குத் தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது, எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திருப்பித் தரவேண்டும். போன வருடம் மல்டிமீட்டர் வாங்கிப்போன மெக்கானிக்கல் நண்பரும் இதைப் படிக்கிறார் என்று நம்புகிறேன்.