ஓடுகிற காரை ஏன் நிறுத்துகிறார்கள்?



களக்காட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார். பஹ்ரைனிலிருந்து விடுப்பில் வந்துள்ள அவர் மகன், இருக்கும் கொஞ்ச நாளிலும் ஞாயிறுதோறும் கார் பந்தயத்தின் முன் அமர்ந்துவிடுகிறாராம். "ஓடுகிற காரை நடுவில் நிறுத்துகிறார்கள், ஒரு கூட்டம் அதை மொய்க்கிறது, மறுபடி ஓட விடுகிறார்கள். வேகம்தான் பந்தயமென்றால் நிறுத்துவானேன்?" என வினவுகிறார். நியாயமான வினா.

ஃபார்முலா ஒன் ஒருநாள் போட்டியன்று. நாடு நாடாகச் சென்று ஓடும் தொடர். அதையே சீசன் என்பர். 2025ஆம் ஆண்டின் சீசன் மார்ச்சில் மெல்பர்னில் தொடங்கி, 24 பந்தயங்கள் கண்டு, டிசம்பரில் அபுதாபியில் முடிந்தது. முதலில் வருபவருக்கு 25 புள்ளிகள், அடுத்தவருக்கு 18. இவ்வாறு குறைந்து பத்தாமவருக்கு 1. ஆண்டிறுதியில் எவர் கணக்கு மிகுதியோ அவரே சாம்பியன். 2024இல் ரமழான் நெருங்கியதால் பஹ்ரைன், ஜித்தா பந்தயங்கள் ஞாயிறுக்குப் பதில் சனியன்றே ஓடின. பஹ்ரைனின் வெற்றி மேடையில் பீய்ச்சுவது மதுவன்று, பன்னீர் கலந்த பானம் என்பதையும் சகோதரிக்குச் சொல்லிவைக்கிறேன்.

இனி, நிறுத்தம். பந்தயக் காரின் டயர் மென்மையானது; சாலையைக் கவ்விப் பிடிக்கும், விரைவில் தேயும். தேய்ந்தால் வளைவில் வழுக்கும், வேகம் குறையும். மழையில்லாப் பந்தயத்தில் இருவகை டயர்களையேனும் பயன்படுத்த வேண்டுமென்பது விதி. ஆகவே ஒருமுறையாவது நின்றாக வேண்டும். 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை.

நிற்குமிடத்திற்குச் செல்லும் பாதையில் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகமே அனுமதி. எனவே உள்ளே வந்து வெளியேற ஏறத்தாழ இருபது நொடிகள் பறிபோகும். புது டயரின் வேகத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட இயலுமா, எந்தச் சுற்றில் நிற்பது என்பதே அணிகளின் கணக்கு. என் பார்வையில் பந்தயத்தின் பாதி சுவாரசியம் இதுதான்.

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிச் செல்லும் லாரி பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்ற எவ்வளவு நேரமாகும்? 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணியினர் நான்கு சக்கரங்களையும் 1.80 நொடியில் மாற்றினர்! சக்கரத்திற்கு மூவர்: ஒருவர் திருகைக் கழற்றி முடுக்குவார், ஒருவர் பழையதை எடுப்பார், ஒருவர் புதியதை மாட்டுவார். ஆனால் ஒரு திருகு போதும், அனைத்தும் பாழாக. 2021 மொனாக்கோவில் இரண்டாமிடத்தில் ஓடிய போட்டாஸின் காரில் ஒரு திருகு தேய்ந்து கழல மறுத்தது. பந்தயம் அங்கேயே முடிந்தது. அச்சக்கரத்தைக் கழற்றியது 43 மணி நேரம் கழித்து, தொழிற்சாலையில்!

நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனைச் சொல்லாமல் இருப்பதெப்படி? 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர்கள் அங்குள்ள சரிவான வளைவைத் தாங்கா எனத் தெரிந்ததும், அவற்றைப் பூட்டிய 14 கார்கள் தொடங்குமுன்பே ஒதுங்கின. ஓடியவை ஆறே கார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டியிருந்த நாராயண் நான்காவதாக வந்து, அக்கால முறைப்படி 5 புள்ளிகள் பெற்றார். அதிர்ஷ்டம் என்பார் உண்டு. ஆனால் ஓடி முடித்தவருக்குத்தானே புள்ளி!

சகோதரியே, அடுத்த ஞாயிறு மகனருகில் அமர்ந்து டயரின் ஓரத்திலுள்ள வண்ணத்தைப் பாருங்கள். சிவப்பு மென்மையானது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். சிவப்பில் ஓடுபவர் எப்போது உள்ளே வருவார் என்று அவரிடமே கேளுங்கள்.