கேபிள் செத்துப்போச்சா... ஞாபகம் தப்பிப்போச்சா?

டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. என்ன கோளாறு என்று பார்க்கலாம் என்று லேப்டாப்பையும் ஓபிடி கேபிளையும் மாட்டினால், 'இன்டர்ஃபேஸ் இல்லை' என்கிறது திரை. நேற்றுவரை நன்றாக வேலை செய்த கேபிள். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்... சாஃப்ட்வேர் அப்டேட்!

உடனே அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். கேபிள் உடைந்திருக்காது, மறந்திருக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா கார்களுக்கான கேபிள்கள் பலவற்றில் முக்கியமாக இரண்டு சிப்கள் இருக்கும். லேப்டாப்போடு பேச எஃப்டி232. காரோடு பேச ஏடிமெகா162 மைக்ரோகன்ட்ரோலர். பின்னதன் 16 கேபி நினைவகத்தில்தான் கேபிளின் 'மூளை'யான ஃபர்ம்வேர் இருக்கிறது. அப்டேட் பாதியில் நின்றால் சிப் இருக்கும், புரோகிராம் இருக்காது.

முதல் சிப்புக்கும் இப்படி நடந்ததுண்டு. 2014 அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர், போலி சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கியது. கம்ப்யூட்டருக்கு அவற்றை அடையாளம் தெரியாமல் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. எண்ணைத் திருத்தி எழுதியதும் சிப்கள் பிழைத்துக்கொண்டன.

முதலில் எதைப் பார்ப்பது?

ஃபியூஸ்! பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் ஓபிடி போர்ட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அடுத்து, லேப்டாப்பின் டிவைஸ் மேனேஜர். அங்கே கேபிளே தென்படவில்லை என்றால் ஒயர், டிரைவர் அல்லது யூஎஸ்பி சிப் மீது சந்தேகம். தென்பட்டும் சாஃப்ட்வேர் கண்டுகொள்ளவில்லை என்றால், மைக்ரோகன்ட்ரோலரைப் பார்க்க வேண்டும்.

மீண்டும் எழுதுவது எப்படி?

கேபிளைக் காரிலிருந்து கழற்றிவிட வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி என்ற சின்ன புரோகிராமரின் ஆறு ஒயர்களை சிப்பின் உரிய கால்களில் இணைத்து, ஏவிஆர்டியூட் என்ற இலவச சாஃப்ட்வேரில் எழுதலாம்.

எழுதுவதற்கு முன் படிக்க வேண்டும். ஃபிளாஷ், ஈப்ராம், ஃபியூஸ் பிட் மூன்றையும் சேமித்துக்கொள்வது அவசியம். சிப்புக்கு லாக் போடப்பட்டிருந்தால் உண்மையான புரோகிராமைப் படிக்க முடியாது. சிப்பை முழுவதும் அழித்தால்தான் லாக் விலகும். அதோடு பழைய புரோகிராமும் போய்விடும். எனவே, சரியான ஃபைல் கையில் இல்லாமல் 'எரேஸ்' கொடுக்கவே கூடாது. ஒரிஜினல் கேபிள் என்றால், பிரிப்பதற்கு முன் தயாரிப்பாளரிடம் கேட்பதே நல்லது. ஊர் பேர் தெரியாத ஃபைலை நம்பி எழுதுவது ஆபத்து.

உயிர் வந்துவிட்டதா? அவசரம் வேண்டாம்!

முதல் சோதனை, வெறும் வாசிப்பு மட்டும்தான். கேபிள் காட்டும் பேட்டரி வோல்டேஜும் மல்டிமீட்டர் காட்டுவதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா? இரவு முழுக்க நின்ற காரில், கூலன்ட் வெப்பநிலை வெளிவெப்பத்துக்கு அருகில் இருக்கிறதா? இரண்டும் சரியாக இருந்தால்தான் எரர் கோடு பார்க்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ் பக்கம் எதையும் மாற்றி எழுதும் வேலை இந்தக் கேபிளுக்கு வேண்டாம்.

கேபிள் ஞாபகத்தை இழந்தால் வேறு கேபிள் வாங்கிக்கொள்ளலாம். அரைகுறையாகப் பிழைத்த கேபிளால் காரின் கம்ப்யூட்டர் ஞாபகத்தை இழந்தால், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்!