வெயில் எல்லோர் மீதும் விழுவதில்லை

சென்ற மாதம் ராஜபாளையத்தில் நண்பர்கள் கூடி நாவல் ஒன்றைப் பற்றிப் பேசிக் கலைந்த பிறகு, தேநீர்க் கடை வாசலில் பேச்சு மாத்திரைகளின் பக்கம் திரும்பியது. எங்களில் ஒருவருக்கு இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்திருந்தது. வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூத்த நண்பர், தேர்ந்த வாசகர், சிரித்தார். "இந்த வெயிலில் பிறந்தவனுக்கே வெயிலை மாத்திரையாக்கி விற்கிறான் பாருங்கள். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நின்றால் போதாதா?" என்றார். எல்லோரும் தலையசைத்தோம். நானும்தான். வீடு திரும்பும்போது அந்தத் தலையசைப்புக்காக வெட்கப்பட்டேன். அவருக்கு அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறு மணி வெயில். தோலில் வைட்டமின் டி உருவாவதற்கு வேண்டியது புற ஊதாக் கதிர்களில் 'பி' எனப்படும் வகை; ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. சூரியன் சரிந்திருக்கையில் அக்கதிர்களில் பெரும்பகுதியைக் காற்று மண்டலமே உறிஞ்சிவிடும். நம் நிழல் நம்மை விட நீளமாக இருக்கும் வேளையில் தோலுக்குக் கிடைப்பது சொற்பம். ஆகவே நாம் போற்றுகிற இளவெயில் கண்ணுக்கு இதம், எலும்புக்குப் பயன் குறைவு. ஜன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். கருத்த தோலின் நிறமியும் தடுக்கும். வெளுத்த தோலினர் பெறும் அளவை நாம் பெறச் சில மடங்கு அதிக நேரம் வேண்டும். ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை வட அட்சத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டு முழுவதும் நல்ல வெயில் உண்டுதான். அது பயன்படும் நேரம் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை. அந்த நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

என் சித்தி அந்த நேரத்தில் ஒரு நூற்பாலைக்குள் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள். நூல் அறுபடாதிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும் என்பதால் அடைத்தே வைக்கப்பட்ட கூடம் அது. இரவு ஷிப்ட் வந்த வாரங்களில் பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளின் முன் நின்று மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் பெண்களின் பகலும் கூரைக்குக் கீழேதான் கழிகிறது. உலகத்தின் காயங்களுக்குக் கட்டுப்போட நெய்கிறவர்களின் எலும்பைப் பற்றி நாம் ஒரு வரி எழுதியதுண்டா?

சித்திக்கு நாற்பத்தெட்டு வயதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியாமல் போயிற்று. தொடையிலும் இடுப்பிலும் ஓயாத வலி. நடை, வாத்து நடப்பதுபோல் ஆடியது. "வாயு" என்றார்கள். "வயசாயிருச்சுல்ல" என்றார்கள். நான்கு ஆண்டுகள் வலி மாத்திரையும் ஊசியுமாகப் போயின. அதன் பிறகே மதுரையில் ஒரு மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்து, இது எலும்பு மென்மை நோய் என்றார். வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு ஆறு நானோகிராம் இருந்தது. இருபதுக்குக் கீழே போனால் குறைவு என்பது வழக்கமான கணக்கு. வாரம் ஒன்று என 60,000 அலகு மாத்திரை எட்டு வாரம், கூடவே கால்சியம், பிறகு குறைந்த அளவில் தொடர்ச்சி. நான்காம் மாதம் யார் கையையும் பிடிக்காமல் பேருந்துப் படியில் ஏறினார். நண்பரின் மொட்டை மாடி அறிவுரையை அன்றைக்கு அவரிடம் சொல்லியிருந்தால், மாடிப் படியை எப்படி ஏறுவது என்று கேட்டிருப்பார்.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை என்று ஒதுக்க முடியாது. திருப்பதி வட்டாரத்தில் நகரத்தாரையும் கிராமத்தாரையும் ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு, ஆரோக்கியமானவர்களாகத் தோன்றிய தென்னிந்தியர்களிடமே வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதையும், உணவில் கால்சியம் போதாமையையும் பதிவு செய்தது. பால்கோவாவுக்குப் பேர்போன நம் வட்டாரத்தில் பால் கறக்கும் வீட்டிலேயே அது விற்பனைக்குப் போனது போக மிஞ்சுவது தேநீருக்குத்தான். அப்படியே குடித்தாலும், செறிவூட்டப்படாத பாலில் வைட்டமின் டி மிகச் சொற்பம்.

ஆனால் மாத்திரை வணிகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நண்பரின் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு. அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடந்த 'வைட்டல்' ஆய்வில், தினம் 2,000 அலகு உட்கொண்டவர்களுக்குப் புற்றுநோயோ இதய நோயோ குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024இல் வெளியிட்ட நெறிமுறை, நலமாயிருக்கும் பெரியவர்களுக்கு இப்பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்கிறது. தள்ளுபடிப் பரிசோதனைத் தொகுப்புகளை விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைபாடு உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். வயிறு நிறைந்தவனுக்கு இன்னொரு சோறு பயன்படவில்லை என்பதால் பசித்தவனின் இலையை எடுத்துவிட முடியுமா?

அளவு தவறினால் என்னாகும் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், வாரம் ஒன்று போட வேண்டியதைத் தினம் ஒன்றாக இரண்டு மாதம் போட்டுவிட்டார். சீட்டில் எழுதியிருந்தது அவருக்குப் புரியவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. அறுபது நாளில் 36 லட்சம் அலகு. தீராத தாகம், வாந்தி, பேச்சில் தடுமாற்றம். இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதுபட்ட பிறகே காரணம் தெரிந்தது.

மொத்தமாகக் கொட்டித் தீர்ப்பதும் உதவாது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒரே முறை ஐந்து லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவின்படி, கொடுக்கப்பட்டவர்களே அதிகம் விழுந்தார்கள். எலும்பு முறிவு 26 விழுக்காடு கூடுதல். ஆண்டாளின் தேரை ஆடிப்பூரத்துக்கு ஒரு நாள் இழுத்தால் போதும். எலும்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அப்படியானால் வேண்டியது என்ன? பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 அலகு போதுமானது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கர்ப்பிணிகளுக்குக் கால்சியத்தோடு வேளைக்கு 250 அலகு என நாளைக்கு இரு வேளை கொடுக்க 2014இலேயே மத்திய அரசு நெறிமுறை வகுத்துவிட்டது. கருவைச் சுமக்கும்போது மட்டும் கண்ணில் படுகிற பெண்ணின் எலும்பு, ஆலைக் கூடத்தில் நிற்கும்போது ஏன் படுவதில்லை? ஆலைகளின் ஆண்டு மருத்துவச் சோதனையில் "உட்கார்ந்து எழ முடிகிறதா, தொடை வலிக்கிறதா" என்ற இரண்டு கேள்விகள் சேரட்டும். ஆம் என்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் ஆலையின் செலவில் நடக்கட்டும். ஆலை உணவகத்து எண்ணெயும் பாலும் செறிவூட்டப்பட்டவையாக இருக்கட்டும். மாத்திரை தருபவர், வாரமா தினமா என்பதைத் தமிழில் எழுதி, வாயாலும் சொல்லட்டும்.

மூத்த நண்பருக்கு ஒன்று. நீங்கள் வெயிலைப் பற்றி எழுதியவற்றை விரும்பிப் படித்தவன் நான். வேண்டும்போது வெயிலுக்கு வரவும் வேண்டாதபோது நிழலுக்குப் போகவும் முடிந்தவர்களின் வெயில் அது. சித்தி இன்றும் மாதம் தவறாமல் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு நடந்து போகிறார். அடுத்த முறை சிரிப்பதற்கு முன் அவரோடு அந்தக் கடை வரை ஒரு தடவை நடந்து வாருங்கள்.