செயலிக்குத் தடை தகுமா?

பிற நாட்டாருக்குச் சொந்தமான சமூக ஊடகச் செயலி ஒன்றை ஓர் அரசாங்கம் தன் நாட்டில் தடைசெய்யலாமா என்னும் கேள்வி பாராளுமன்றங்களோடு நின்றுவிடவில்லை. இராச்சாப்பாடு முடிந்து குடும்பத்தார் கூடியிருக்கும் விறாந்தைகளிலும் அது எழுந்துவிட்டது. "இந்த டிக்டொக்கை நிறுத்தினால்தான் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவார்கள்" என்று தாய்மார் சொல்லக் கேட்கிறோம். "நம் வீட்டுக் கதையெல்லாம் சீனாவுக்குப் போகின்றதாம்" என்று தந்தையர் கூறவும் கேட்கிறோம். முன்னையது பிள்ளையின் பொழுதைப் பற்றிய கவலை. பின்னையது நாட்டின் காவலைப் பற்றிய கவலை. இரண்டையும் ஒன்றாய்ப் பிசைந்து "தடைசெய்க" என்று முழங்குவதே பல நாடுகளில் வழக்கமாகிவிட்டமையால், இவ்விடயத்தை நாம் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

டிக்டொக் யாதென்பதை நம் மாணவ வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை. மூத்தோருக்காகச் சில வார்த்தைகள் கூறுவோம். 2012ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரிலே சாங் யிமிங் என்பார் தொடங்கிய பைட்டான்ஸ் என்னும் கம்பனி உருவாக்கிய செயலி அது. குறுகிய படக்காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக்கொண்டே போகும். எந்தக் காட்சியில் நம் கண் எத்தனை விநாடி தங்கிற்று, எதனை விரலால் தள்ளிவிட்டோம் என்பவற்றைக் கணக்கிட்டு, அடுத்த காட்சியைத் தானே தெரிந்தெடுத்துத் தரும். நாம் ஒரு சொல்லும் எழுதாமலே நம் விருப்பு வெறுப்புக்களை அது அறிந்துகொள்கின்றது; நாம் அடுத்து எதைக் காணவேண்டும் என்பதையும் அதுவே முடிவுசெய்கின்றது. இவ்விரு வல்லமையும் ஒரே கையில் இருப்பதுதான் அச்சத்துக்கு வேர். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. டிக்டொக் சீனாவுக்குள்ளே கிடையாது. அங்குள்ளோர்க்கென டௌயின் என்னும் வேறொரு செயலியை அக்கம்பனி நடத்துகின்றது. அமெரிக்கரின் பேஸ்புக்கும் யூடியூபும் 2009ஆம் ஆண்டு முதல் சீனாவில் அடைக்கப்பட்டுள்ளன. தன் வாசலைத் தாழிட்டுக்கொண்டு அயலார் வாசல் திறந்திருக்கவேண்டும் என எதிர்பார்க்கும் அரசாங்கத்துக்காக வாதாட நாம் வரவில்லை.

அச்சம் வெறும் கற்பனையுமன்று. சீனாவின் 2017ஆம் ஆண்டுத் தேசிய உளவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, உளவுப் பணிக்கு நிறுவனங்களும் குடிமக்களும் உதவி புரியவேண்டும் என விதிக்கின்றது. 2022 டிசம்பரில் பைட்டான்ஸ் கம்பனியே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கம்பனியின் உள்விடயங்கள் வெளியே கசிந்த வழியைக் கண்டறியும் பொருட்டு, அதன் ஊழியர் சிலர் பத்திரிகையாளர்களின் டிக்டொக் கணக்கு விபரங்களைத் துருவிப் பார்த்திருந்தனர். அவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர் என்பது மெய்யே. எனினும், அவ்வாறு பார்க்கக்கூடிய வசதி இருந்தது என்பதையும் அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தர் தம் அலுவலகத் தொலைபேசிகளில் அச்செயலியை வைத்திருக்கலாகாது என 2023இல் கனடாவும் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஆணைக்குழுவும் விதித்தமை முறையானதே என்பது நம் அபிப்பிராயம். அரசாங்கம் தன் சொந்தப் பெட்டகத்தைப் பூட்டிக்கொள்வதை எவரும் குறைகூற முடியாது.

ஆனால் ஊரார் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் பூட்டுவது வேறு விடயம். அதன் பலன் யாது என்பதை அறிய இந்தியாவைப் பார்ப்போம்.

2019 ஏப்ரல் 3ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆபாசக் காட்சிகளால் சிறுவர் கெடுகின்றனர் என்னும் முறைப்பாட்டின் பேரில், டிக்டொக்கைத் தரவிறக்கம் செய்வதைத் தடுக்குமாறு மத்திய அரசாங்கத்தைப் பணித்தது. கூகிளும் அப்பிளும் அதனைத் தத்தம் களஞ்சியத்திலிருந்து அகற்றின. கம்பனி நீதிமன்றத்தில் தன் நியாயத்தை எடுத்துரைத்தது. மூன்று வாரங்களில், ஏப்ரல் 24ஆம் திகதி, தடை நீங்கிற்று. அது பிள்ளைகளின் பெயரால் வந்த தடை. அடுத்த ஆண்டு வந்ததோ நாட்டின் பெயரால். 2020 ஜூன் 15இல் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நிகழ்ந்த கைகலப்பில் இந்தியப் போர்வீரர் 20 பேர் உயிரிழந்தனர். ஜூன் 29ஆம் திகதி மாலை, டிக்டொக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்து அமைச்சு கட்டளை பிறப்பித்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்கு அதிகாரம் அளித்தது. பாராளுமன்ற விவாதமுமில்லை, முன்கூட்டிய நீதிமன்ற விசாரணையுமில்லை. 2021 ஜனவரியில் அத்தடை நிரந்தரமாயிற்று.

அப்போது இந்தியாவில் டிக்டொக்கைப் பாவித்தோர் ஏறத்தாழ 20 கோடிப் பேர் எனக் கணிக்கப்பட்டது. அவர்களுட் பலர் பட்டணத்துப் படித்த பிள்ளைகளல்லர். ஆங்கிலம் அறியாத, ஆசிரியரிடம் நடனமோ நடிப்போ பயிலாத, சிற்றூர்களிலும் தோட்டந்துரவுகளிலும் வாழும் எளியோர். கையில் ஒரு தொலைபேசியும் முகத்தில் ஒரு சிரிப்புமாக முதன்முறையாக நாலு பேர் முன்னிலையில் தோன்றியவர்கள். சிலருக்கு அதனாற் சிறு வருவாயும் கிட்டியிருந்தது. விடிந்தெழுந்தபோது அவர்களின் மேடை இல்லை. அதன் முன்னிருந்த கூட்டமும் இல்லை. எல்லையில் நடந்த சண்டைக்கு அவர்கள் என் செய்வார்?

சரி, அந்த விலையைக் கொடுத்து இந்தியர் வாங்கியது யாது? 2020 ஜூலை 8ஆம் திகதி, தடை பிறந்து பத்து நாட்களாகுமுன்னரே, இன்ஸ்டகிராம் தன் 'ரீல்ஸ்' என்னும் குறுங்காட்சிப் பகுதியை இந்தியாவில் திறந்துவிட்டது. செப்டம்பரில் யூடியூப் தன் 'ஷோர்ட்ஸ்' பகுதியை முதன்முதலில் வெள்ளோட்டம் விட்டதும் இந்தியாவிலேயே. உள்நாட்டுச் செயலிகள் சில முளைத்தன. ஆயினும் சந்தையின் பெரும்பங்கு போய்ச் சேர்ந்தது அமெரிக்கக் கம்பனிகளிடமே. அதே விநாடிக் கணக்கு, அதே விருப்புவெறுப்புக் குறிப்பு, அதே ஓயாத காட்சிப் பெருக்கு. உரிமையாளரின் முகவரி மட்டும் மாறிற்று. மக்களின் அந்தரங்க விபரங்களை எவர் திரட்டினாலும் கட்டுப்படுத்தக்கூடிய சட்டத்தை இந்தியா நிறைவேற்றியது 2023 ஆகஸ்டில். அதற்குரிய விதிகள் வெளியானது 2025 நவம்பரில். பூட்டை ஒரே மாலையில் போட முடிந்த அரசாங்கத்துக்குச் சட்டம் இயற்ற மூன்று ஆண்டுகள் மேலும் வேண்டியிருந்தன.

இவ்விடத்தில் நம் இலங்கை வானொலியின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகின்றது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், மக்களின் இரசனையைத் திருத்தக் கருதி, அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இருந்த இடத்தைக் குறுக்கினார். நேயர்கள் இரசனை திருந்தினார்களோ இல்லையோ, தங்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். அயல்நாட்டு நிலையமாகிய இலங்கை வானொலி இந்திய இல்லந்தோறும் ஒலித்தது. ஈற்றில் 1957இல் அகில இந்திய வானொலி 'விவித பாரதி' என்னும் ஜனரஞ்சக சேவையைத் தானே தொடங்கிற்று. அக்காலத்தில் நாம் வெளிநாட்டான் பக்கத்தில் இருந்தோம் என்பதை மறக்கலாகாது!

அமெரிக்கா வேறொரு வழியிற் சென்றது. 2020இல் ஜனாதிபதி டிரம்ப் கட்டளையால் தடைசெய்ய முயன்றதை நீதிமன்றங்கள் நிறுத்தின. 2024 ஏப்ரலில் காங்கிரஸ் சபை சட்டமொன்றை நிறைவேற்ற, ஜனாதிபதி பைடன் ஒப்பமிட்டார். சீனக் கம்பனி டிக்டொக்கை விற்றுவிடவேண்டும், இன்றேல் 2025 ஜனவரி 19 முதல் அது அங்கு இயங்கலாகாது என்பது அச்சட்டம். உச்ச நீதிமன்றம் இரு தரப்பையும் கேட்டு ஜனவரி 17இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 17 கோடி அமெரிக்கர் பாவித்த செயலி ஓர் இரவு இருண்டது. மறுநாளே மீண்டும் ஒளிர்ந்தது. இம்முறை டிரம்பே தடையைத் தவணை தவணையாகத் தள்ளிவைத்தார். 2026 ஜனவரியில் அமெரிக்க முதலீட்டாளர் முன்னிற்கும் கூட்டு நிறுவனமொன்று அங்குள்ள டிக்டொக்கைப் பொறுப்பேற்றது. பைட்டான்ஸ் இருபது வீதத்துக்குச் சற்றுக் குறைந்த பங்குடன் ஒதுங்கிற்று. சட்டம், விவாதம், தீர்ப்பு என்னும் படிகளையேனும் அவர்கள் ஏறினார்கள் என்பதை மெச்சலாம். ஆனால் தடை வருமெனக் கேட்ட அமெரிக்க இளைஞர் இலட்சக்கணக்கானோர் அந்த ஜனவரியில் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் யாது தெரியுமா? சியாஹொங்ஷு என்னும் மற்றொரு சீனச் செயலி!

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்கா "விற்றுவிடு" என்று கட்டளையிடலாம். அதற்குச் சந்தை உண்டு, வாங்குவதற்குச் செல்வரும் உண்டு. நாம் அவ்வாறு சொன்னால் எவர் செவிசாய்ப்பார்? மேலும், பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், டிக்டொக், வைபர் ஆகிய யாவும் நமக்கு வெளிநாட்டவையே. அமெரிக்கக் கம்பனிகளிடமிருந்த விபரங்களை அந்நாட்டு உளவு நிறுவனம் பெற்றுவந்தமையை 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். உரிமையாளரின் நாட்டை வைத்தே தீர்ப்பிடுவதாயின், எல்லாவற்றையும் நாம் அடைக்கவேண்டி வரும்.

அடைத்தும் பார்த்தோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது பேஸ்புக்கும் வேறு சிலவும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. தீ எரிகையில் காற்றை மறிப்பது போன்ற அவசர நடவடிக்கை எனக் கொண்டால் அதற்கு நியாயம் கூறலாம். ஆனால் அங்கே கேடு விளைத்தது கம்பனியின் நாடன்று. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரைகள் நீக்கப்படாமலே கிடந்தன. தன் தளம் அக்கலவரத்துக்குத் துணைபோனமைக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின் மீண்டும் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி முடக்கியதற்கோ கலவரமும் காரணமன்று. எரிவாயுவும் மின்சாரமும் இன்றித் தவித்த மக்கள் தெருவில் இறங்குவர் என்னும் அச்சமே காரணம். அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷவே, வீ.பி.என். என்னும் மாற்றுவழியால் தடையைக் கடந்து வந்து, இத்தகைய தடைகள் பயனற்றவை என எழுதினார். மாலைக்குள் தடை நீங்கிற்று. பிள்ளைகளைக் காக்கவும் நாட்டைக் காக்கவும் என்று அரசாங்கத்திடம் நாம் கொடுக்கும் சாவி, ஒருநாள் ஆட்சியாளர் தம்மைக் காத்துக்கொள்ளவும் உதவும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டிற்று.

பிள்ளைகளின் பொழுதைப் பற்றிய கவலைக்கு அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது. டிக்டொக்கும் அதிற் சிக்கும், இன்ஸ்டகிராமும் சிக்கும். சீனம், அமெரிக்கம் என்ற பேதமில்லை. அதன் பலனை அறியக் காலம் செல்லும். எனினும், செயலியின் செய்கையைப் பார்த்துச் சட்டம் செய்கிறார்களே, அதனை நாம் விரும்புகிறோம்.

ஆகவே டிக்டொக்கைத் தடைசெய்க என்று எவரேனும் மனு எழுதி ஒப்பமிடக் கொண்டுவந்தால், நாம் ஒப்பமிடமாட்டோம். அதற்குப் பதிலாக நம் பாராளுமன்ற உறுப்பினரிடம் வேறொன்றைக் கேட்போம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று நம்மிடம் உண்டு. நம் பிள்ளைகளைப் பற்றி என்ன திரட்டினார்கள், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று எந்த நாட்டுக் கம்பனியையும் கேட்க வழிவகுக்கும் சட்டம் அது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அத்திகதி நெருங்கியபோது அரசாங்கம் அதனை ஒத்திவைத்தது. ஏன் ஒத்திவைத்தீர், முழுதாக என்று நடைமுறைப்படுத்துவீர் என்பதே நம் கேள்வி.