பழைய குடிகளும் புதிய கூட்டமும்

ஆட்டக்காரர் தொகை குறைந்துவரும் ஓர் இணைய விளையாட்டைப் பலரும் விரும்பும்படி மாற்றியமைக்க நினைப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அந்த மாற்றம், ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் தலைமேல் திடீரென்று வந்து இறங்குமானால், எதிர்பார்த்த கூட்டமும் வராது, இருந்த குடிகளும் நிலைக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியான, சோனியின் இணைய விளையாட்டுப் பிரிவு உருவாக்கிய ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’, போரை மட்டும் நம்பிப் பிறந்ததன்று. ராஃப் காஸ்டர் என்னும் வடிவமைப்பாளரின் தலைமையில் உருவான அவ்வுலகில் 30க்கு மேற்பட்ட தொழில்கள் இருந்தன. கருவி செய்பவரும் தையற்காரரும் இல்லையேல் வீரனுக்கு நல்ல ஆயுதமும் ஆடையும் இல்லை. காயம் ஆற ஒரு வைத்தியரையும், போர்க்களைப்பு நீங்க மதுச்சாலையில் ஆடிப்பாடும் ஒரு கலைஞரையும் அவன் நாடியே தீரவேண்டும். ஆட்டக்காரர்களே ஊர் அமைத்து, வாக்களித்து, நகரத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கியைத் தொடாமலே, கடை வைத்து, நாணயமான வியாபாரி என்று பேரெடுப்பதையே தம் ஆட்டமாகக் கொண்டவர்களும் அங்கே இருந்தார்களென்றால், அது எத்தகைய ஜனசமூகமாக இருந்திருக்கவேண்டும்!

குறைகள் இருந்தன. பிழைகள் மலிந்திருந்தன, புதிதாக நுழைந்தவர் எங்கே போவது, என்ன செய்வது என்று திகைத்தார். 2004 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ வெளியாகி லட்சக்கணக்கானோரை ஈர்த்தபோது, கேலக்ஸீஸை நடத்தியவர்கள் கவலைகொண்டதும் இயற்கையே. ஆனால், 2005 ஏப்ரலில் சண்டை முறையை ஒருமுறை மாற்றிய அவர்கள், அதே ஆண்டு நவம்பரில், சுமார் இரண்டு வார அறிவிப்போடு, தொழில்களை ஒன்பதாகச் சுருக்கி, விலங்குகளைப் பழக்கி வாழ்ந்தவரின் தொழிலையே இல்லாமற்செய்து, நெடுநாள் உழைப்பால் வெகு சிலரே எட்டிய ‘ஜெடாய்’ என்னும் வீரர் நிலையை, நுழையும் எவரும் முதல்நாளே எடுத்துக்கொள்ளும்படி ஆக்கினார்கள். சில நாட்களுக்கு முன்புதான் விற்ற கூடுதல் தொகுப்புக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் நேர்ந்தது. வாசற்படி உயரமாயிருந்தால் படியைத் தாழ்த்தவேண்டுமேயன்றி வீட்டை இடிக்கலாமா? புதியவருக்கு முதற்சில மணி நேரங்களை எளிதாக்கி வழிகாட்டியிருந்தால், அவர் நிலைத்துத் தங்குவதற்கான காரணம், அதாவது அந்த வியாபாரிகளும் கலைஞர்களும் நகரத் தலைவர்களும், அவர் கண்முன்னே இருந்திருப்பார்கள். அவர்களோ திரள்திரளாக வெளியேறினார்கள். 2011 டிசம்பர் 15 அன்று அந்த உலகம் மூடப்பட்டது. உரிம ஒப்பந்தம் முடிவை நெருங்கியதும் ஒரு காரணமே. எனினும், பழைய வடிவத்தை ரசிகர்களே மீண்டும் கட்டியெழுப்ப வருஷக்கணக்காகச் செய்துவந்த பிரயத்தனம், இழந்தது எது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஜப்பானில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்த சோதனை இதைவிடப் பெரிது. 2010 செப்டம்பரில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ படுதோல்வி அடைந்தது. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, ஓராண்டுக்கு மேல் சந்தா வாங்காமலிருந்தது. 2010 டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, விளையாட்டை அடியோடு புதிதாக எழுதுவதென்று தீர்மானித்தபோதும், பழையதை அநாதையாக விட்டுவிடவில்லை. அதைச் செப்பனிட்டுக்கொண்டே வந்தார். வரவிருக்கும் முடிவைக் கதையாகவே சொல்லி, வானத்துச் சிவந்த சந்திரன் ஒன்று மாதந்தோறும் நெருங்கிவருவதை எல்லோரும் காணச் செய்து, 2012 நவம்பர் 11 அன்று அந்த உலகத்தை அதன் குடிகளின் கண்ணெதிரிலேயே முடித்துவைத்தார். 2013 ஆகஸ்டில் புதிய உலகம் திறந்தபோது பழையவர்கள் தங்கள் கதாபாத்திரங்களோடு அதில் நுழைந்தார்கள். நெடுநாள் உடனிருந்தவர்களுக்குச் சந்தாவும் குறைக்கப்பட்டது. பின்னர் அதற்கு வந்த கூட்டம் உலகறிந்தது.

முன்னறிவிப்பும் மரியாதையும் வியாபாரத்துக்கு விரோதமானவையல்ல. பிரிட்டனின் ஜாகெக்ஸ் நிறுவனம் 2012 நவம்பரில் தன் ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டின் சண்டை முறையை மாற்றி ஆட்டக்காரர்களின் கோபத்துக்கு ஆளானபின், அவர்களிடமே வாக்கெடுத்து, 2007ஆம் ஆண்டில் சேமித்துவைத்திருந்த பழைய பிரதியை 2013 பிப்ரவரியில் தனியே திறந்துவிட்டது. பெரிய மாறுதல்களை ஆட்டக்காரர்களின் வாக்குக்கு விட்டு வளர்க்கப்பட்ட அந்தப் பழைய வடிவத்தையே இன்று, மாற்றியமைக்கப்பட்டதைவிட, அதிகமானோர் ஆடுகிறார்கள்.