மரண விசாரணையும் மக்கள் கடமையும்

மண்ணிற்குள் வைக்கப்பட்ட உடல் தனக்காகப் பேச வல்லதன்று. அது மண்ணிற்குட் செல்லுமுன் பிறர் அதற்காகப் பேசியிருத்தல் வேண்டும். இவ்வுண்மையை உணர விரும்பும் மாணவர், வடசென்னையிலுள்ள மூலக்கொத்தளம் இடுகாட்டிற்கு ஒருமுறை சென்று வருவாராக.

நடராசன், தாளமுத்து என்னும் இருவர் துயிலுமிடம் அது. பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதை எதிர்த்துச் சிறை புகுந்தவர் இவர். சிறையாளராகவே நோயுற்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1939-ஆம் ஆண்டு ஜனவரியில் நடராசனும், மார்ச்சில் தாளமுத்துவும் உயிர் நீத்தனர். தாளமுத்து சிறை புகுமுன்னரே நலங்குன்றியிருந்தார் என்றது அன்றைய அரசாங்கம். பொதுமக்களோ பெரிதும் கொதித்தெழுந்தனர். இருதிறத்தாருள் எவர் கூற்று மெய் என்று தீர்ப்பது எம் நோக்கமன்று. ஒருவனைப் பூட்டி வைத்தவர் கையிலேயே அவன் சாவைப்பற்றிய சான்றும் இருக்குமாயின், மெய்யும் நம்பப்படாது போம் என்பதே யாம் கருதுவது.

ஐயத்திற்கிடமான சாவை ஊரார் முன்னிலையில் ஆராய்தல் மிகப் பழைய அறம். வயல்வெளியிற் கொலையுண்டு கிடப்பவனைக் கண்டால், மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுச் சென்று சுற்றிலுமுள்ள ஊர்களின் தூரத்தை அளக்க வேண்டும் என்று உபாகமத்தின் 21-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. கொன்றவன் இன்னான் என்று தெரியாவிடினும், அண்மையிலுள்ள ஊர் வாளாவிருத்தல் ஆகாது என்பது அதன் கருத்து.

நம் நாட்டுச் சட்டமும் இந்நெறியினின்று விலகியதன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின் வழித்தோன்றல். தற்கொலை, பிறர் செய்த கொலை, விலங்காலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ நேர்ந்த சாவு, ஐயத்திற்கிடமான சாவு ஆகியவற்றுள் ஒன்றைக் கேள்வியுற்றவுடன் போலீஸ் அதிகாரி மாஜிஸ்டிரேட்டுக்கு அறிவித்தல் வேண்டும். பின் உடல் கிடக்குமிடஞ் சென்று, அக்கம்பக்கத்து நன்மக்கள் இருவரேனும் உடனிருக்க, காயம், எலும்பு முறிவு, கன்றல் முதலிய குறிகளை அறிக்கையில் எழுதுதல் வேண்டும். சாவின் காரணத்தில் ஐயமிருப்பின் உடலை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். விவரமறிந்தவரை அழைத்து வினவலாம். அவரும் மெய்யே உரைக்கக் கடமைப்பட்டவர். ஆயினும் தம்மையே குற்றத்திற்குள்ளாக்கும் வினாவுக்கு விடை கூற வேண்டுவதில்லை. அறிக்கை 24 மணி நேரத்திற்குள் மேலிடஞ் சேர்தல் வேண்டும்.

இவ்வதிகாரத்தின் எல்லையை நோக்குக. சாவு எவ்வாறு நேர்ந்ததாகத் தோன்றுகிறது என்பதைப் பதிவு செய்வதே இவ்விசாரணையின் அளவு. கொன்றவன் யார் என்பதை இதிலே தீர்க்க வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 1975-இல் தெளிவுறுத்தியது. ஆகவே அதிகாரி அவ்விடத்தில் நீதிபதியல்லர். கண்டதை எழுதுங் கணக்கர்.

அவ்வதிகாரியின் துறையே ஐயத்திற்குள்ளாகுமாயின் என் செய்வது? 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, போலீஸ் காவலில் ஒருவர் இறப்பின் மாஜிஸ்டிரேட் விசாரித்தே தீரவேண்டும் என்றது. சிறைக்காவலை அவ்விடத்துப் பெயரிட்டுக் கூறவில்லை. நீதிமன்ற ஆணைப்படி வைக்கப்பட்ட பிற காவலில் நேரும் சாவையும் நீதித்துறை மாஜிஸ்டிரேட்டே விசாரிக்க வேண்டும் என்னும் திருத்தம் 2006-இலேதான் நடைமுறைக்கு வந்தது. மூலக்கொத்தளத்தில் இருவரைப் புதைத்தபின் 67 ஆண்டுகள் கடந்தன!

அத்திருத்தத்தின் பயனை 2020 ஜூனில் நாடு கண்டது. சாத்தான்குளத்திற் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவிற்பட்டிச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தனர். விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்டிரேட்டுக்குக் காவல் நிலையத்திலேயே இடையூறு நேர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அந்நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்கச் செய்தது. விசாரிப்பவர் வேற்றுத் துறையினராயிராவிடின் அவ்விடையூறு வெளிப்பட்டிருக்குமோ?

இத்தகைய கட்டுப்பாடுகள் போலீசாரின் கைகளைக் கட்டிவிடும் என்பாருமுளர். நேர்மையான அதிகாரிக்கு இவை விலங்கல்ல, கேடயம். ஊரார் கண்ணெதிரே எழுதிய அறிக்கையே அவரைப் பழியினின்று காக்கும்.

ஆயினும் சட்டம் எத்துணைச் செம்மையுடையதாயினும், கையொப்பமிடுவோர் கண்மூடி நிற்பின் அது வெறுந்தாளே. இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர்க்கு, சட்டம் சொல்லும் ‘இயந்திரத்தாலாகிய சாவு’ ஏட்டுச் சொல்லன்று. அத்தகைய சாவு நேருமிடத்தில், பஞ்சாயத்தார் எனப்படும் அவ்விருவராக நிற்க உங்களுள் ஒருவர் நாளை அழைக்கப்படலாம். “படித்துப் பார்க்க நேரமில்லை, இங்கே கையெழுத்திடும்” என்று எவரேனும் அவசரப்படுத்தலாம். அறிக்கையோடு உடன்படுவோரே அதிற் கையொப்பமிட வேண்டும் என்பது சட்டம். உடன்படாதார் இட வேண்டுவதில்லை.

ஆதலின் மாணவர்காள்! உடலைப் பாருங்கள், எழுதியதைப் படியுங்கள், கண்டது எழுதப்படவில்லையெனில் எழுதுமாறு பணிவுடன் கேளுங்கள். இறந்தவன் ஏழையாயினும் அயலானாயினும், அவன் பேச இயலாத அவ்வேளையில் அவனுக்காகப் பேசவேண்டிய நா உங்களுடையதே. கற்ற கல்விக்கு இதினும் சிறந்த பயன் வேறு யாது?