ஒன்பதால் வகுபடுமா?

மச்சினன் பரீட்சையில் கோட்டைவிட்டுவிட்டு வந்தால் யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். நானும் கேட்கவில்லை. காபி டம்ளரை நீட்டினேன். அவனாகவே ஆரம்பித்தான்.

"கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்க்க விட்டிருந்தா பாஸ் பண்ணியிருப்பேன் மாமா!"

இது 2016-ல். பயல் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தான். சிஸ்கோவின் சி.சி.என்.பி. சான்றிதழுக்கு அப்போது மூன்று பேப்பர். ரூட், ஸ்விட்ச் இரண்டையும் தாண்டிவிட்டான். மூன்றாவது 'டி-ஷூட்'. கோளாறு கண்டுபிடிக்கும் பேப்பர். அதில்தான் விழுந்தான். கட்டணம் ஏறக்குறைய அவனுடைய ஒரு மாதச் சம்பளம். அது போனால் போகிறது, டிசம்பருக்குள் பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். வயிற்றில் புளியைக் கரைக்காதா?

பரீட்சையும் விநோதமானதுதான். இரண்டு மணி நேரம். நாலு ரூட்டர், நாலு ஸ்விட்ச், இந்தக் கோடியில் ஒரு கம்ப்யூட்டர், அந்தக் கோடியில் ஒரு வெப் சர்வர். இந்தப் படத்தை சிஸ்கோவே முன்கூட்டிப் பகிரங்கமாக வெளியிட்டுவிட்டது. அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? வருகிற புகாரெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: 'கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குப் போக முடியவில்லை.' டாக்டரிடம் வருகிற அத்தனை பேரும் 'வயிற்றுவலி' என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? அதுபோல. எதையும் தொட்டுச் சரிசெய்யவும் முடியாது. பார்க்கலாம், பிங் அடிக்கலாம். பிறகு மூன்று கேள்வி: கோளாறு எந்தப் பெட்டியில்? எந்தச் சமாசாரத்தில்? என்ன வைத்தியம்? முதல் பதில் தப்பானால் மற்ற இரண்டும் கோவிந்தா.

நம்ம ஆள் என்ன செய்தானாம்? யாரோ கொடுத்த 'டம்ப்' கட்டு ஒன்றை உருப்போட்டுக்கொண்டு போயிருக்கிறான். பிடிபட்டால் சான்றிதழுக்கே ஆபத்து என்பது ஒரு பக்கம். புகாரெல்லாம் ஒரே மாதிரி இருக்க, எந்தப் பதில் எந்தப் புகாருக்கு என்பது அரை மணி நேரத்தில் சாம்பாரும் ரசமுமாகக் கலந்துவிட்டது.

நான் பி.காம். ரூட்டருக்கும் ரேடியோவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதன்முதலில் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸ் ஞாபகம் வந்தது. டிரையல் பாலன்ஸில் 540 ரூபாய் உதைத்தது. லெட்ஜரை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தேன். பக்கத்து சீட் பெரியவர் கையைத் தட்டிவிட்டார்.

"புஸ்தகத்தைப் பார்க்காதேடா, வித்தியாசத்தைப் பாரு. பாதி பண்ணு, 270. அந்தத் தொகை டெபிட்டுக்குப் பதில் கிரெடிட்ல ஏறியிருக்கா? இல்லையா, ஒன்பதால வகுத்துப் பாரு. மீதியில்லாம வகுபட்டா எங்கேயோ இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கே."

பத்து நிமிஷத்தில் கிடைத்தது. 820-ஐ 280 என்று எழுதியிருந்தேன்.

இதைச் சொன்னதும் மச்சினன் முதலில் சிரித்தான். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டுப் பேப்பர், பென்சில் தேடினான். நெட்வொர்க் படத்தைக் கையாலேயே பத்துத் தடவை வரைந்தான். அதன் ஓரத்தில் அவன் குறித்துக்கொண்டது இவ்வளவுதான்:

ஒன்று. முதலில் கம்ப்யூட்டரின் முகவரியைப் பார். 169.254 என்று ஆரம்பித்தால், யாரும் முகவரி தராததால் அது தானே ஒன்று சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்படியானால் முகவரி வழங்குகிற டி.எச்.சி.பி. ரூட்டர் வரைக்கும் தேடினால் போதும். ஸ்விட்ச்சின் போர்ட் தப்பான வி-லானில் இருக்கலாம், பாதுகாப்புக்காக மூடிக்கொண்டிருக்கலாம், டிரங்க் லைன் அந்த வி-லானை விடாமல் தடுக்கலாம். மிச்ச நெட்வொர்க்கை மறந்துவிடலாம்.

இரண்டு. முகவரி ஒழுங்காக இருந்தால் நட்டநடுவில் ஒரு ரூட்டருக்கு பிங் அடி. பதில் வந்தால் கோளாறு அந்தப் பக்கம், வராவிட்டால் இந்தப் பக்கம். மறுபடி பாதி. ஆனால் ஜாக்கிரதை! பதில் சொல்லாத பெட்டிதான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்டாதே. கடிதம் போய்ச் சேர்ந்து, பதில் போடத் திரும்பும் வழி தெரியாமல் அது முழித்துக்கொண்டிருக்கலாம். பாதை என்பது போக வர இரண்டும்.

மூன்று. கடைசி ரூட்டர்வரை எட்டியும் சர்வர் கிடைக்கவில்லையா? வாசலைப் பார். உள்முகவரியை வெளிமுகவரியாக்கும் நாட், வெளியுலகத்தோடு பேசும் பி.ஜி.பி., 'யாரை விடலாம்' என்று சொல்லும் ஆக்ஸஸ் லிஸ்ட். முதலில் இந்த மூன்று பேரையும் விசாரி.

நான்கு. பிடிபடவில்லையா? விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ, பிறகு வா. ஒவ்வொரு டிக்கெட்டும் தனிக்கதை. முந்தினதில் பார்த்த கோளாறை அடுத்ததிலும் தேடாதே.

லேப்டாப்பிலேயே அந்த நெட்வொர்க்கைக் கட்டினான். ராத்திரி அவன் சினேகிதன் வந்து ரகசியமாக ஏதாவது ஒன்றைக் கெடுத்துவைப்பான், இவன் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் இரண்டு மணிக்குக் கூச்சல். எழுந்து ஓடினேன்.

"மாமா! முகவரியில 65-னு இருக்கவேண்டிய இடத்துல படுபாவி 56-னு போட்டிருக்கான். கழிச்சுப் பாருங்க, ஒன்பது!"

நவம்பரில் மறுபடி எழுதினான். பாஸ். வேலையும் நிரந்தரமாயிற்று. வீடு முழுக்கப் பால்கோவா.

அந்த டி-ஷூட் பேப்பர் 2020 பிப்ரவரி 24-ம் தேதியோடு ஓய்வுபெற்றுவிட்டது. சி.சி.என்.பி.யின் புதிய அமைப்பில் கோளாறு தேடும் வேலை 'என்-ஆர்-சி' போன்ற பேப்பர்களுக்குள் போய்விட்டது. அதற்கு 90 நிமிஷம்தான். பேப்பர் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. எங்கே இல்லை என்பதை முதலில் ஒதுக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்கிறான், ஆபீஸிலும்தான்.

ஒரே ஒரு தொந்தரவு. போன மாதம் வீட்டுக் கணக்கில் 90 ரூபாய் உதைத்தது. "ஒன்பதால வகுபடுதுக்கா! எங்கேயோ இலக்கம் மாறியிருக்கு" என்று அக்காவும் தம்பியும் நோட்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

இலக்கமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தெருமுனைக் கடையில் நான் சாப்பிட்ட பஜ்ஜியும் டீயும்தான் கணக்கில் ஏறவில்லை.

சில கோளாறுகளைக் கண்டுபிடிக்காமல் விடுவதே குடும்பத்துக்கு நல்லது!